சோறு இறங்காத போது

(எமது சங்கத்தின் மூத்தோர் ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இந்தப் பேச்சைப் புத்தாண்டு மலருக்கு எழுதித் தரச் சொல்லிச் சங்கத்தார் கேட்டபோது, "நல்ல நாள் பெருநாளில ஆஸ்பத்திரிக் கதையே எழுதப் போறியள்?" என்று வீட்டில் ஒரு கேள்வி வந்தது. நியாயமான கேள்விதான். ஆனால் புத்தாண்டன்று நாங்கள் முதலில் செய்கிற காரியம் என்ன? மருத்துநீர் வைத்து முழுகி, பொங்கி, எல்லாருமாய் இருந்து சாப்பிடுகிறோம். சாப்பாடு இல்லாமல் எங்களுக்குக் கொண்டாட்டம் இல்லை. அந்தச் சாப்பாடு தொண்டையால் இறங்காமல் போனால் என்ன செய்வது என்பதுதான் இன்றைய விஷயம்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். நான் வைத்தியர் அல்ல. இந்த நகரத்து ஆஸ்பத்திரிகளில் எங்கட சனத்துக்கும் டொக்டர்மாருக்கும் நடுவில் நின்று மொழிபெயர்ப்பது என் தொழில். ஆகவே உங்கள் வருத்தத்துக்கு மருந்து சொல்ல எனக்கு உரிமையில்லை. ஆனால் "ஃபீடிங் ரியூப் போடலாமா?" என்ற ஒரு கேள்வியை எத்தனையோ குடும்பங்களுக்குத் தமிழில் கேட்டிருக்கிறேன். அந்தக் கேள்வி வரும்போது பெரும்பாலும் யாரும் ஆயத்தமாக இருப்பதில்லை. அதனால்தான் ஆறுதலான ஒரு நாளில் இதைப் பேசுவோம் என்று வந்தேன். இதில் வரும் குடும்பங்கள் எவரையும் குறிப்பன அல்ல. பலரிடம் கண்டதைச் சேர்த்துச் சொல்கிறேன்.

விழுங்குதல் என்ற வேலை

ஊரில் விஞ்ஞானப் பாடத்தில் "களம்" என்று படித்தோமே, நினைவிருக்கிறதா? வாய்க்கும் இரைப்பைக்கும் இடையில் இருக்கும் உணவுக்குழாய்தான் அது. வளர்ந்தவர்களுக்கு ஏறத்தாழ 25 சென்ரிமீற்றர் நீளம். ஒரு முழத்தின் பாதியை விடச் சற்றுக் கூட. சோறு அதற்குள் தானாக விழுவதில்லை. பாம்பு இரையை உள்ளே தள்ளுவது போல, தசைகள் மேலிருந்து கீழாக ஒன்றன்பின் ஒன்றாகச் சுருங்கி அதைத் தள்ளுகின்றன. இதற்குச் சுற்றிழுப்பசைவு என்று பெயர். அதனால்தான் தலைகீழாக நின்று குடித்தாலும் தண்ணீர் இரைப்பைக்குப் போகும். பரீட்சித்துப் பார்க்க வேண்டாம்!

இந்த அசைவை நரம்புகள் எப்படி ஆளுகின்றன என்று ஆராய்ந்தவர்களில் முக்கியமான ஒருவர் எங்கள் ஊர்க்காரர்தான். எங்கள் ஊர் என்று நான் சொல்வது ரொறன்ரோவை. ரொறன்ரோ வெஸ்ரேர்ண் ஆஸ்பத்திரியில் பணியாற்றிய டொக்டர் நிக்கலஸ் டயமன்ட், 1970களில் இது பற்றி எழுதியவை உலகெங்கும் மருத்துவர்கள் படித்தவை.

உணவுக்குழாய்க்கு மேலே தொண்டையில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. காற்றுப் போகும் வழியும் சோறு போகும் வழியும் அங்கே ஒன்றாகச் சந்திக்கின்றன. ஒவ்வொரு தடவை விழுங்கும்போதும் மூச்சை ஒரு கணம் நிறுத்தி, மூச்சுக்குழலின் வாயை மூடி, பிறகு திறக்க வேண்டும். இதற்கு முப்பதுக்கு மேற்பட்ட தசைகள் சேர்ந்து வேலை செய்கின்றன. ஒரு சிறு பிசகு ஏற்பட்டால் புரைக்கேறும். எங்களுக்குப் புரைக்கேறினால் "ஆரோ நினைக்கினம்" என்று தலையில் தட்டுவோம். பாரிசவாதம் வந்தவருக்குப் புரைக்கேறினால் அது நியுமோனியாவில் கொண்டுபோய் விடலாம். சிலருக்கு இருமல்கூட வராமலே சாப்பாடு நுரையீரலுக்குள் போகும். அதுதான் இன்னும் ஆபத்து.

ரொறன்ரோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரோஸ்மேரி மார்ற்றினோவும் அவருடன் சேர்ந்தவர்களும் 2005ஆம் ஆண்டு ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். பாரிசவாதம் வந்தவர்களைச் சரியாகச் சோதித்தால் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு விழுங்குவதில் கோளாறு தெரிகிறது என்றும், அப்படிக் கோளாறு உள்ளவர்களுக்கு நியுமோனியா வரும் வாய்ப்பு மூன்று மடங்கு என்றும் அதில் காட்டினார்கள். பிறகு 2009இல், கட்டிலடியிலேயே தண்ணீரைக் கொடுத்து விழுங்குதலைச் சோதிக்கும் ஒரு முறையை வெளியிட்டார்கள். அதன் பெயரிலேயே ரொறன்ரோ இருக்கிறது.

ஆகவே ஆஸ்பத்திரியில் அப்பாவுக்குப் பாரிசவாதம் என்று சேர்த்ததும், "வாயால் ஒன்றும் கொடுக்க வேண்டாம்" என்று கட்டில் தலைமாட்டில் எழுதி ஒட்டினால், அது பட்டினி போடுவதற்கல்ல. சோதித்துப் பார்க்கும் வரைக்கும் காப்பதற்கு. நேர்ஸ் அங்கால் போனதும் பிளாஸ்க்கில் கொண்டு வந்த தேத்தண்ணியை "ஒரு வாய் தானே" என்று பருக்கிவிடுகிற பாசமான பிள்ளைகளை நான் கண்டிருக்கிறேன். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

எப்போது கவனிக்க வேண்டும்?

சாப்பாடு இறங்கவில்லை என்று ஒருவர் சொன்னால் டொக்டர் முதலில் கேட்பது ஒரு கேள்விதான். "கட்டியான சாப்பாடு மட்டும் சிக்குதா, தண்ணீரும் சிக்குதா?"

முதலில் இறைச்சி, பாண் போன்றவை சிக்கி, பிறகு சோறும் சிக்கி, கடைசியில் தண்ணீரும் சிக்குகிறது என்றால் குழாய் படிப்படியாக ஒடுங்குகிறது என்று சந்தேகிப்பார்கள். நெஞ்செரிவு பல வருடம் இருந்து வந்த தழும்பாகவும் இருக்கலாம், புற்றுநோயாகவும் இருக்கலாம். தொடக்கத்திலிருந்தே சோறும் தண்ணீரும் ஒன்றாகச் சிக்கினால் தசை அசைவில் கோளாறு என்று பார்ப்பார்கள்.

அப்படியான அசைவுக் கோளாறுகளில் ஒன்று அக்கலேசியா. உணவுக்குழாயின் அடியில் உள்ள கதவு திறக்க மறுக்கும். அரிதான வருத்தம். வருடத்துக்கு ஒரு லட்சம் பேரில் ஏறத்தாழ ஒருவருக்கு வரும். 1674இல் தோமஸ் வில்லிஸ் என்ற ஆங்கில வைத்தியர், திமிங்கில எலும்பின் நுனியில் பஞ்சு கட்டி அதனால் சாப்பாட்டைத் தள்ளும் வழி ஒன்றை எழுதி வைத்தார். 1913இல் ஜேர்மனியில் ஏர்ன்ஸ்ற் ஹெல்லர் அந்தக் கதவின் தசையை வெட்டிவிடும் சத்திரசிகிச்சையைச் செய்தார். 2008இல் ஜப்பானில் ஹருஹிரோ இனோவே வயிற்றைத் திறக்காமல், வாய்வழியாகக் கமெராக் குழாயைச் செலுத்தி அதே தசையை வெட்டிக் காட்டினார். இன்று கனடாவிலும் அதைச் செய்கிறார்கள்.

புற்றுநோய் பற்றிச் சொன்னேன். பெரியோர்கள் கோபிக்கக் கூடாது. வெத்திலை, பாக்கு, புகையிலை. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம், புகையிலை சேராத வெத்திலைக் கூட்டும் புற்றுநோயை உண்டாக்கும் என்று 2004இல் வெளியிட்டது. பாக்குத்தான் அதில் முக்கிய குற்றவாளி. "நான் போயிலை போடுறேல்லை, பாக்கும் வெத்திலையும் மட்டும்தான்" என்பது காப்பு அல்ல. அதே நிலையம் 2016இல் இன்னொன்றைச் சொன்னது. 65 பாகைக்கு மேற்பட்ட சூட்டில் எந்தப் பானத்தைக் குடித்தாலும் உணவுக்குழாயில் புற்றுநோய் வர இடமுண்டு என்று. தேயிலையில் குற்றமில்லை, சூட்டில்தான் குற்றம். ஆகவே ஆவி பறக்கும் தேத்தண்ணியைக் கொஞ்சம் ஆற விடுங்கள். ஆத்திக் குடிக்கிற பழக்கம் எங்களுடையதுதானே!

சாப்பாடு சிக்குது, நிறை குறையுது, சத்தியில் இரத்தம், மலம் கறுப்பு. இவற்றில் ஒன்று இருந்தாலும் "வயது போனால் அப்பிடித்தான்" என்று இருக்கக் கூடாது. குடும்ப வைத்தியரிடம் போய்க் கேளுங்கள்.

ரொறன்ரோவில் தொடங்கிய ஒரு வழி

இனி, வாயால் சாப்பிட முடியாதவருக்கு எப்படி ஊட்டுவது என்ற கதைக்கு வருகிறேன். இந்தக் கதையின் ஒரு முக்கிய அத்தியாயம் எழுதப்பட்டது யூனிவேர்சிற்றி அவெனியூவில் உள்ள ரொறன்ரோ ஜெனரல் ஆஸ்பத்திரியில். எழுதியவர் வேலூரில் படித்தவர்.

டொக்டர் குர்ஷீட் ஜீஜீபாய் என்பது அவர் பெயர். தமிழ்நாட்டின் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் மருத்துவம் படித்து, லண்டனில் ஆராய்ச்சிப் பட்டம் பெற்று, 1960களின் பிற்பகுதியில் ரொறன்ரோவுக்கு வந்தவர். குடல் வைத்திய நிபுணர். 1970இல் ஜூடி ரெயிலர் என்ற இளம் தாய் அந்த ஆஸ்பத்திரியில் இருந்தார். அவருடைய குடல் அழுகிப் போனதால் வெட்டி எடுத்துவிட்டார்கள். சிறுகுடல் இல்லாமல் எந்தச் சாப்பாடும் உடம்பில் சேராது. அக்காலத்தில் அதற்கு ஒரே முடிவுதான் இருந்தது.

ஆனால் அதற்கு இரண்டு வருடங்களுக்கு முன், 1968இல், அமெரிக்காவின் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தில் ஸ்ரான்லி டட்றிக்கும் கூட்டாளிகளும் ஒன்றைக் காட்டியிருந்தார்கள். பீகிள் இன நாய்க்குட்டிகளுக்கு வாயால் ஒன்றும் கொடுக்காமல், இருதயத்துக்குக் கிட்ட உள்ள பெரிய நாளத்தினூடாகவே முழுச் சத்தையும் கொடுத்தார்கள். அவை மற்றக் குட்டிகள் போலவே வளர்ந்தன. சுவீடனில் ஆர்விட் விறெற்லின்ட் சோயா எண்ணெயை இரத்தத்தில் ஏற்றக்கூடிய பால் போன்ற திரவமாக ஏற்கெனவே ஆக்கியிருந்தார். ஆகவே வழி இருந்தது. ஆனால் ஆஸ்பத்திரிக் கட்டிலில் எத்தனை காலத்துக்கு?

ஜீஜீபாயும் சத்திரசிகிச்சை நிபுணர் பேர்னார்ட் லாங்கரும் துணிந்து ஜூடி ரெயிலரை வீட்டுக்கு அனுப்பினார்கள். போத்தலை மாட்டுவதையும் குழாயைச் சுத்தமாக வைத்திருப்பதையும் அவரே பழகிக்கொண்டார். இரவு படுக்கையில் சத்து ஏறும், பகலில் அவர் தன் வீட்டையும் பிள்ளைகளையும் பார்ப்பார். அப்படி ஏறத்தாழ 20 வருடங்கள் வாழ்ந்தார். வாயால் உண்ணாமல் ஒருவர் வீட்டில் இருந்து நீண்ட காலம் வாழலாம் என்று உலகத்துக்குக் காட்டியவர்களில் அவர் முன்னோடி. ஜீஜீபாயின் மகள் ஷிரீன் 2007இல் "லைஃப்லைனர்" என்ற பெயரில் அவருடைய வரலாற்றைப் புத்தகமாக எழுதினார்.

அந்த நோயாளிகளிடமிருந்து மருத்துவமும் படித்தது. 1977இல் ஜீஜீபாயின் குழு, இப்படி நாளத்தினூடாகப் பல வருடம் உணவு பெற்ற ஒருவருக்குச் சீனியும் ஏறி, நரம்பும் பழுதாகி, நிறையும் குறைந்ததைக் கண்டது. குரோமியம் என்ற உலோகத்தை மிகச் சிறிதளவு சேர்த்ததும் அவர் தேறினார். சோற்றிலும் கறியிலும் எங்களுக்குத் தெரியாமலே கிடைக்கிற சின்னச் சின்னச் சத்துக்களைப் போத்தலில் போட மறந்தால் என்ன நடக்கும் என்பதற்கு அது பாடம்.

இன்னொரு ரொறன்ரோ ஆய்வையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது உங்களுக்கு வீட்டிலேயே உதவும். 1982இல் பேக்கர், டெற்ஸ்கி, ஜீஜீபாய் முதலானோர் ஒரு கேள்வி கேட்டார்கள். ஒருவருக்குச் சத்துக் குறைவு என்று அறிய இரத்தப் பரிசோதனைகள்தான் வேண்டுமா, அல்லது கட்டிலருகே நின்று கேட்டும் பார்த்தும் அறியலாமா? கேட்டும் பார்த்தும் அறிவது அந்தப் பரிசோதனைகளுக்குக் குறைந்ததல்ல என்று கண்டார்கள். அந்த முறை இன்று உலகெங்கும் பாவனையில் உள்ளது. கேட்பவை இவைதான். கடந்த ஆறு மாதத்தில் நிறை எவ்வளவு குறைந்தது? சாப்பாடு முன்னையதை விட மாறிவிட்டதா? இரண்டு கிழமைக்கு மேலாகச் சத்தி, வயிற்றோட்டம், பசியின்மை உண்டா? நடமாட்டம் குறைந்ததா? பிறகு தோள், கை, தொடையில் சதை வற்றியிருக்கிறதா, காலில் வீக்கமா என்று பார்ப்பார்கள்.

இதைத்தானே ஊரில் ஆச்சிமார் வாசலில் கண்டதும் சொல்வார்கள்: "என்ன பிள்ளை, தோள் எலும்பு தெரியுது, ஒழுங்காச் சாப்பிடுறேல்லையோ?" ஆச்சியின் கண்ணை ரொறன்ரோ டொக்டர்மார் விஞ்ஞானமாக்கினார்கள் என்று நான் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. அம்மாவின் வளையல் கையில் சுழன்றால், அப்பாவின் பெல்ட்டில் புதுத் துளை போட்டால், அதை டொக்டரிடம் சொல்லுங்கள்.

வயிற்றில் ஒரு துளை

நாளத்தில் கொடுப்பது குடல் வேலை செய்யாதவருக்கு. அதில் கிருமி தொற்றும் ஆபத்து உண்டு, செலவும் அதிகம். குடல் நன்றாக இருந்தால் குடலையே பாவிக்க வேண்டும் என்பது இந்தத் துறையின் முதல் விதி. உணவுக்குழாயோ தொண்டையோ பழுதானவருக்கு, அவற்றைத் தாண்டி இரைப்பைக்குள் உணவைக் கொண்டுபோக வேண்டும். அதற்குத்தான் ஃபீடிங் ரியூப்.

இரைப்பையில் துளையுடன் மனிதர் வாழலாம் என்று உலகம் அறிந்தது ஒரு கனடாக்காரரால். அலெக்சிஸ் சென் மார்ற்றின் என்ற கியூபெக் வாலிபர் தோல் வியாபாரக் கொம்பனிக்குப் படகு வலித்தவர். 1822 யூன் மாதம் மக்கினக் தீவில் தவறுதலாக ஒரு துவக்கு வெடித்து அவர் வயிற்றைக் கிழித்தது. அவர் பிழைத்தார், ஆனால் இரைப்பையில் துளை மூடவில்லை. சிகிச்சை செய்த அமெரிக்க இராணுவ வைத்தியர் வில்லியம் போமன்ற் அந்தத் துளையால் இறைச்சித் துண்டுகளை நூலில் கட்டி இறக்கி, சமிபாடு எப்படி நடக்கிறது என்று பல வருடம் ஆராய்ந்து 1833இல் புத்தகம் போட்டார். மருத்துவ உலகத்துக்கு அது பெரும் பேறு. படிப்பறிவில்லாத அந்தக் கூலிக்காரருக்கு அது அவ்வளவு இனிப்பாக இருக்கவில்லை. 1880இல் அவர் இறந்தபோது, வைத்தியர்கள் உடலைக் கொண்டு போகாதபடி அது அழுகும் வரை வைத்திருந்து ஆழமாகப் புதைத்தார்கள் அவர் குடும்பத்தார். உடம்பு யாருடையது, முடிவு யாருடையது என்ற கேள்வி அப்போதே இருந்திருக்கிறது.

இன்று போடும் வயிற்று ரியூப் 1979இல் அமெரிக்காவின் கிளீவ்லண்ட் நகரில் பிறந்தது. குழந்தைகள் சத்திரசிகிச்சை நிபுணர் மைக்கல் கௌடரரும் ஜெஃப்ரி பொன்ஸ்கியும், வயிற்றைப் பெரிதாக வெட்டித் திறக்காமல், வாய்வழிக் கமெராவின் துணையுடன் ஒரு சிறு துளையால் ரியூப்பை வைக்கும் வழியைக் கண்டார்கள். 1980இல் வெளியிட்டார்கள். பெக் என்று ஆஸ்பத்திரியில் சொல்வது இதைத்தான். அவர்கள் முதலில் நினைத்தது குழந்தைகளை. மூளை நரம்புக் கோளாறால் விழுங்க முடியாத குழந்தைகளை.

ரியூப்பில் மூன்று வகை என்று சுருக்கமாக நினைவில் வையுங்கள். மூக்கால் இரைப்பைக்குப் போவது ஒன்று, சில கிழமைகளுக்கு. வயிற்றால் இரைப்பைக்குப் போவது இரண்டாவது, மாதக்கணக்குக்கு. இரைப்பையைத் தாண்டிச் சிறுகுடலுக்குப் போவது மூன்றாவது, இரைப்பை உணவை ஏற்காதவர்களுக்கு.

யாருக்கு நல்லது, யாருக்கு இல்லை?

இங்கேதான் நான் உங்களிடம் கொஞ்சம் பொறுமை கேட்கிறேன்.

தொண்டைப் புற்றுநோய்க்குக் கதிர்ச் சிகிச்சை பெறுபவர், தசை வலுவிழக்கும் நரம்பு வருத்தம் உள்ளவர், விபத்தில் அடிபட்டவர், பாரிசவாதத்திலிருந்து தேறிக்கொண்டிருப்பவர், விழுங்க முடியாத குழந்தை. இவர்களில் பலருக்கு ரியூப் ஒரு பாலம். அக்கரைக்குக் கொண்டுபோகும். சிலர் மாதங்களின் பின் அதைக் கழற்றிவிட்டுப் புட்டும் சம்பலும் சாப்பிடுகிறார்கள். "ரியூப் போட்டால் கதை முடிஞ்சுது" என்று பயந்து மறுப்பதும் பிழை. பாரிசவாதத்தில் எந்த ரியூப் என்பதற்கும் ஆய்வு உண்டு. பல நாடுகள் சேர்ந்து செய்து 2005இல் வெளிவந்த ஒரு பெரிய ஆய்வு, முதல் இரண்டு மூன்று கிழமைக்கு வயிற்று ரியூப்புக்கு அவசரப்படாமல் மூக்கு ரியூப்பே போதும் என்று காட்டியது.

ஆனால் மறதி நோய் முற்றிய நிலை வேறு. டிமென்சியா முற்றி, பிள்ளைகளை அடையாளம் தெரியாமல், படுக்கையோடு கிடந்து, வாயில் வைத்த சோற்றை விழுங்க மறந்துபோகும் நிலையில், ரியூப் போட்டால் ஆயுள் கூடுமா? நியுமோனியா குறையுமா? படுக்கைப் புண் ஆறுமா? 1990களிலிருந்து திரும்பத் திரும்ப ஆராய்ந்தும், ஆம் என்று சொல்ல ஆதாரம் கிடைக்கவில்லை. ரியூப்பை இழுத்துவிடாதபடி கையைக் கட்டவும் நேரும். அதனால் கனடிய முதியோர் மருத்துவச் சங்கம் சொல்வது, முற்றிய மறதி நோயில் வயிற்று ரியூப்பை விட, கையால் ஆறுதலாக ஊட்டுவதே மேல் என்று. நாலு கரண்டியானாலும் அவர் விரும்பும் நேரத்தில், விரும்பும் ருசியில், பக்கத்தில் இருந்து ஊட்டுவது.

இதைத் தமிழில் சொல்லும்போது என் குரலே சில வேளை தடுமாறும். ஏனென்றால் எதிரில் இருப்பவர்கள் யார்? பட்டினியை நேரில் கண்டவர்கள். 1990களில் பொருளாதாரத் தடைக்குள் இருந்து பிள்ளைகளுக்குக் கஞ்சி காய்ச்சியவர்கள். 2009இல் வன்னியில் ஒரு நேரக் கஞ்சிக்கு வரிசையில் நின்றவர்கள். "அம்மா தான் பட்டினி கிடந்து எங்களுக்குத் தந்தவ. அவவை நாங்கள் பட்டினி போடுறதோ?" என்று ஒரு மகன் கேட்டால், அதற்கு எந்த ஆய்வுக் கட்டுரை மறுமொழி சொல்லும்?

டொக்டர்மார் சொல்லும் மறுமொழி இது. நானும் அதை மெதுவாகத்தான் மொழிபெயர்ப்பேன். அம்மா சாப்பிடாததால் சாகவில்லை. சாவு கிட்டுவதால் உடம்பு சாப்பாட்டைக் கேட்காமல் விடுகிறது. அந்த நிலையில் எங்களுக்கு வருவது போன்ற பசி பெரும்பாலும் இருப்பதில்லை. வாய் காய்வதுதான் கரைச்சல். அதற்கு ஈரப் பஞ்சால் வாயை நனைப்பது, உதட்டுக்குப் பூசுவது என்று செய்ய நிறைய உண்டு. பால் பருக்கும் எங்கள் வழக்கத்தையும் நேர்சிடம் சொல்லிக் கேளுங்கள். துளியளவு உதட்டில் வைக்க வழி சொல்லித் தருவார்கள்.

எந்தக் குடும்பம் எந்த முடிவு எடுத்தாலும் அதைக் குறைசொல்ல நான் வரவில்லை. விளங்கி எடுங்கள் என்பதற்காகவே வந்தேன். கேட்க வேண்டிய கேள்விகள் நாலு. இது எதற்காக? தேறுவார் என்று நம்ப இடமுண்டா? எவ்வளவு காலம் போட்டுப் பார்க்கலாம்? பயனில்லை என்றால் நிறுத்தலாமா? கடைசிக் கேள்விக்கு "ஆம், நிறுத்தலாம்" என்பது மறுமொழி. போட்டது போட்டதுதான் என்றில்லை. இத்தனை கிழமை பார்ப்போம் என்று தவணை வைக்கலாம்.

முடிவு யாருடையது?

ஒன்ராறியோவில் 1996ஆம் ஆண்டுச் சட்டப்படி, நோயாளிக்கு விளங்கிச் சொல்ல முடியுமானால் முடிவு அவருடையது மட்டுமே. "அப்பாட்டை ஒண்டும் சொல்லாதேங்கோ, எங்களிட்டைச் சொல்லுங்கோ" என்று டொக்டரிடம் பிள்ளைகள் கேட்பார்கள். அன்பால் கேட்கிறார்கள். ஆனால் அப்பாவின் வயிற்றில் துளை போடுவதற்கு அப்பாவிடம்தான் கேட்க வேண்டும்.

அவரால் முடியாதபோது, அவர் எழுத்தில் நியமித்தவர் முன்னுக்கு நிற்பார். அப்படி ஒருவரும் இல்லாவிட்டால் கணவன் அல்லது மனைவி. அதன்பின் பிள்ளைகள். மூத்த மகன் என்பதற்காகச் சட்டத்தில் தனி இடமில்லை. கடைக்குட்டி மகளுக்கும் அதே உரிமை. பிள்ளைகளுக்குள் இணக்கம் வராவிட்டால், முடிவு அரசாங்கப் பாதுகாவலர் அலுவலகத்துக்குப் போய்விடும். அம்மாவை ஒருநாளும் காணாத ஒருவர் தீர்மானிப்பார். அண்ணன் லண்டனில், அக்கா இங்கே, தம்பி பாரிசில் என்று சிதறிய எங்களுக்கு இது சின்ன விஷயமல்ல. பழைய காணிச் சண்டையெல்லாம் அந்த ஆஸ்பத்திரி அறைக்குள் வந்து நிற்பதைக் கண்டிருக்கிறேன்.

மருந்து ஒன்றுதான். தேக நலத்துக்கான தத்துவப் பத்திரத்தை இப்போதே எழுதி வையுங்கள். இரண்டு சாட்சிகள் வேண்டும். கணவன் மனைவியோ, பிள்ளைகளோ, நியமிக்கப்படுபவரோ சாட்சியாக இருக்க முடியாது. பத்திரத்தை விட முக்கியம், எது வேண்டும் எது வேண்டாம் என்று வாயால் சொல்லி வைப்பது. உங்கள் விருப்பம் தெரிந்தால் பிள்ளைகள் அதைச் செய்வார்கள். தெரியாவிட்டால் காலமெல்லாம் "பிழை விட்டிட்டமோ" என்று தவிப்பார்கள்.

சமையலறைக்குச் சில சொற்கள்

விழுங்கக் கஷ்டப்படுபவருக்கு உணவின் பதத்தைப் பூச்சியம் முதல் ஏழு வரை பிரிக்கும் ஒரு சர்வதேச முறை இப்போது கனடாவில் பாவனையில் உண்டு. அதை உருவாக்கியதில் ரொறன்ரோ ஆய்வாளர் கற்றியோனா ஸ்ரீலுக்கும் பங்குண்டு. அந்தத் தாளில் எங்கள் சாப்பாடு இருக்காது. ஆகவே நிபுணரிடம் எங்கள் சாப்பாட்டை விவரித்துக் கேளுங்கள். ஒன்றை விளங்கிக் கொண்டால் போதும். தண்ணீராய் ஓடுவதும், உதிர்வதும், தண்ணீருக்குள் பருக்கை மிதப்பதும் கஷ்டம். உலர்ந்த புட்டு உதிரும். இரசம் ஓடும். சொதிக்குள் இடியப்பம் இரண்டும் கலந்தது. நன்றாகக் குழைத்து மசித்த சோறும் பருப்பும், கட்டியில்லாத கூழ்ப் பதமும் பலருக்கு இலகு. நிமிர்ந்து இருத்தி, சிறு கரண்டியால், ஒரு வாய் இறங்கிய பின்னரே மறு வாய். சாப்பிட்டு அரை மணியாவது படுக்க விடாதீர்கள். இரவில் பல்லையும் வாயையும் சுத்தம் செய்யுங்கள். வாய்க் கிருமிதான் நுரையீரலுக்குப் போவது.

ரியூப் உள்ளவருக்கு, தலைமாட்டை உயர்த்தி வையுங்கள். மருந்துக்கு முன்னும் பின்னும் தண்ணீர் செலுத்துங்கள். நீண்ட நேரம் வேலை செய்யும் குளிசையை இடிக்கக் கூடாது, மருந்தாளரிடம் கேளுங்கள். உணவு நிபுணரைக் கேளாமல் வீட்டுக் கஞ்சியை ரியூப்பில் விடாதீர்கள், அடைத்துக்கொள்ளும். ரியூப் கழன்றால் உடனே ஆஸ்பத்திரிக்கு. துளை சில மணித்தியாலத்திலேயே மூடத் தொடங்கும். வீட்டு உதவிக்கு, வீடு திரும்ப முன்னரே சமூக சேவையாளரைக் கேளுங்கள்.

கடைசியாக ஒன்று. ஆஸ்பத்திரியில் மொழிபெயர்ப்பாளரைக் கேட்பதற்குக் கூச்சப்படாதீர்கள். பன்னிரண்டு வயதுப் பேரப்பிள்ளையை நடுவில் நிறுத்தி "அம்மம்மாவுக்கு ரியூப் போடலாமோ" என்று கேட்க வைக்காதீர்கள். அது அந்தப் பிள்ளை சுமக்கக்கூடிய பாரமல்ல.

1980களில் இளவட்டமாய் இந்த நாட்டில் வந்திறங்கியவர்களுக்கு இன்று தலை நரைத்துவிட்டது. ஊரில் என்றால் நாலு வீடு தள்ளி ஒரு பெரியவர் இருப்பார், வழி சொல்ல. இங்கே நாங்கள்தான் ஒருவருக்கொருவர் பெரியவர். இந்தப் புத்தாண்டில் கைவிசேஷம் கொடுத்து, பொங்கல் சாப்பிட்டு முடிந்த கையோடு, பிள்ளைகளை இருத்தி வைத்து ஒரு பத்து நிமிஷம் இதைக் கதையுங்கள். பிள்ளைகள் "உதை ஏன் இப்ப கதைக்கிறியள்" என்பார்கள். நீங்கள் விடாதேயுங்கோ.

அனைவருக்கும் நோயற்ற வாழ்வும், ருசித்து உண்ணும் பாக்கியமும் கிடைக்க வேண்டும் என்று வாழ்த்தி அமர்கிறேன்.